காற்றடித்தால் குளிர் கூடுமா? சுங்கை சிப்புட் கேள்விகளுக்குப் பதில்

கனடாவில் வேலை பார்த்துத் திரும்பியவன் என்பதால், பிள்ளைகளைக் குளிர்நாட்டுக்கு அனுப்பும் மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துக் குடும்பங்கள் என்னிடம் கேட்டவை இவை.

கே: ஐயா, மகன் வின்னிபெக்கில் படிக்கப் போகிறான். கைப்பேசியில் மைனஸ் 20 என்றும் ‘உணர்வது மைனஸ் 33’ என்றும் காட்டுகிறதே, எது உண்மை?

ப: இரண்டும்தான் அக்கா. மைனஸ் 20 வெப்பநிலை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால், மூடாத முகத்துக்கு அது மைனஸ் 33 போல உறைக்கும். உடம்பைச் சுற்றி மெல்லிசாக ஒரு வெதுவெதுப்பு இருக்கும். காற்று அதை அடித்துக்கொண்டு போகும். உடம்பு மறுபடி சூடாக்கும், அதுவும் போகும். சுடச்சுட இருக்கும் கோப்பியை ஊதி ஆற்றுகிறோமே, அதே கதை. அந்தக் குளிரில் மூக்கு நுனி, காது மடல் எல்லாம் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்துவிடலாம். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரம்தான்! இரண்டாவது எண்ணைப் பார்த்து உடுத்தச் சொல்லுங்கள்.

கே: அப்படியென்றால் 2 டிகிரியில் பலத்த காற்றடித்தால் குழாய்த் தண்ணீர் உறையுமா?

ப: உறையாது. காற்று சூட்டைச் சீக்கிரம் பறிக்கும், அவ்வளவுதான். குழாய் 2 டிகிரிக்குக் கீழே இறங்காது.

கே: இந்த ‘உணர்வது’ கணக்கைப் போட்டது யார்?

ப: பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள். 1940களின் தொடக்கத்தில், அண்டார்டிக்காவில் சின்ன பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் ஊற்றி, உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார்கள். மனிதத் தோல் பிளாஸ்டிக் இல்லையே! 2001-இல்தான், ஆட்களின் முகத்திலேயே சோதித்துக் கணக்கைத் திருத்தினார்கள்.

கே: அண்ணே, தாப்பாவிலிருந்து மோட்டாரில் கேமரன் மலை ஏறுகிறோம். எங்களுக்கும் இது பொருந்துமா?

ப: அந்தச் சூத்திரம் 10 டிகிரியும் அதற்குக் கீழேயும்தான் தம்பி. ஆனால் மழையில் நனைந்த சட்டையோடு வேகமாகப் போனால் 17 டிகிரியும் நடுக்கும். நம் பையன்கள் ஜாக்கெட்டை முன்பின் மாற்றிப் போடுவது ஸ்டைலுக்கு இல்லை. ஜிப் முதுகுக்குப் போனதும் நெஞ்சில் காற்று நுழைய வழியில்லை. மழைக்கோட்டு இன்னும் நல்லது. விரல் மரத்தால் பிரேக் பிடிக்க வராது, ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

கே: பேரனுக்கு நல்லெண்ணெய் கொடுத்துவிடட்டுமா, முகத்தில் பூச?

ப: தலைக்குக் கொடுங்கள் பாட்டி. முகத்துக்கு மப்ளர்தான்.

கே: விரல் உறைந்துவிட்டால் தேய்க்கலாமா?

ப: கூடவே கூடாது, உள்சதை கெட்டுவிடும். நெருப்பிலும் காட்டாதீர்கள், மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது. உள்ளே வந்து 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைத்துவிட்டு டாக்டரிடம் போகவேண்டும். அப்புறம், குளிரில் நின்றவருக்குப் பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, இன்னும் குளிரிலேயே இருக்கும்போது நடுக்கம் நின்றுபோனாலோ, உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். கனடாவில் உடனே 911-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.