திங்கட்கிழமை மட்டும் கிளினிக் ஏன் திணறுகிறது?

கேள்வி: பாலக்கோட்டில் ஒரே டாக்டர் பார்க்கும் கிளினிக்கில் மேனேஜராக இருக்கிறேன். காலை 10 முதல் 1 வரை ஓ.பி., ஞாயிறு விடுமுறை. சின்ன லேப் உண்டு. திங்கட்கிழமை 80 பேர் வந்துவிடுகிறார்கள், டோக்கன் கொடுத்தும் தினம் தகராறு. ரிசப்ஷனுக்கு இன்னொரு ஆள் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. 3 மணி நேரம் என்பது 180 நிமிடம். 80 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டே கால் நிமிடம். டோக்கனை எத்தனை பேர் கிழித்துக் கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

முதலில் உங்கள் சீட்டைப் பாருங்கள். பி.பி., சர்க்கரைக்காரர்களுக்கு 30 நாள் மாத்திரை எழுதி, 30 நாள் கழித்து வரச் சொல்வதுதான் எங்கும் வழக்கம். 30 நாள் என்றால் நான்கு வாரமும் இரண்டு நாளும். சனிக்கிழமை வந்தவருக்கு அடுத்த தேதி திங்களில் விழும். வெள்ளிக்கிழமை வந்தவருக்கு ஞாயிறு. அன்று பூட்டியிருப்பதால் அவரும் திங்கட்கிழமைதான் வருவார். வார இறுதியில் வந்த காய்ச்சல்காரர்களும் அதே நாளில் சேர்ந்துகொள்கிறார்கள்.

டாக்டரிடம் பேசி, மாத்திரை 30 நாளுக்கே இருக்கட்டும், தேதியை மட்டும் 28ஆம் நாளுக்கு எழுதச் சொல்லுங்கள். அதே கிழமை திரும்ப வரும். பஸ்ஸைத் தவறவிட்டாலும் கையில் இரண்டு நாள் மாத்திரை மிச்சம் இருக்கும். பிறகு இவர்களைச் செவ்வாய், புதன், வியாழன் என்று பிரித்துவிடலாம். சந்தை நாள் எது என்று கேட்டு அதற்கேற்பப் பிரியுங்கள். ஊருக்கு எப்படியும் வருகிற நாளைத்தான் மக்கள் மறக்க மாட்டார்கள். பலன் தெரிய இரண்டு மாதமாவது ஆகும்.

அடுத்தது லேப். வெறும் வயிற்றோடு வந்தவரை டாக்டருக்காக 10 மணி வரை உட்கார வைப்பதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். லேப் 7:30க்குத் திறக்கட்டும். ரத்தம் எடுத்ததும் டிபன். சாப்பிட ஆரம்பித்த நேரத்தைச் சீட்டில் எழுதுங்கள், அதிலிருந்து இரண்டு மணி நேரத்தில் அடுத்த ரத்தம். டாக்டர் வந்து உட்காரும்போது முதல் ரத்தத்தின் ரிசல்ட் தயாராக இருக்கும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எதையும் முதல் ரத்தத்துக்கு முன் எடுக்க வேண்டாம், டிபனோடு வழக்கம்போல எடுக்கலாம் என்று முதல் நாளே போனில் சொல்லுங்கள். டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதுதான்.

பி.பி.யை நர்ஸே முன்கூட்டிப் பார்த்து எழுதிவிடலாம். ஆனால் பஸ்ஸ்டாண்டிலிருந்து வேகமாக நடந்து வந்தவர் கையில் உடனே பட்டையைக் கட்டினால் கூடுதலாகத்தான் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், பேச்சு வேண்டாம், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும்.

"சும்மா ரிப்போர்ட் காட்டிட்டுப் போயிடறேன்" என்பவர்களுக்கு ஐந்து டோக்கனுக்கு ஒருவர் என்று வைத்து, அதைப் போர்டிலும் எழுதிவிடுங்கள். எழுதாத விதியை மேனேஜரின் தயவு என்றுதான் நினைப்பார்கள்.

பி.பி., சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கு வரும் அந்த மாத்திரையையும் உங்கள் சீட்டு மாத்திரையையும் சேர்த்துப் போடுகிறவர் இருக்கலாம். பெயர் வேறாக இருந்தாலும் மருந்து ஒன்றாக இருக்கும். எல்லா அட்டைகளையும் பையோடு கொண்டுவரச் சொல்லி, நர்ஸ் சரிபார்க்கட்டும்.

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வலிப்பு, வாய் கோணல், பாம்புக்கடி, துவண்டு கிடக்கும் குழந்தை: இவர்களுக்கு டோக்கன் கிடையாது, நேராக உள்ளே. டாக்டர் இல்லாத நேரமென்றால் உடனே 108. டோக்கன் கொடுப்பவர் எண்ணை நீட்டுவதற்கு முன் "என்ன பண்ணுது?" என்று கேட்டாக வேண்டும். கேள்வி அவ்வளவே, நோயின் பெயரைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டாம், பின்னால் நிற்பவர் அதே ஊர்க்காரர்.