ஒட்டிக்கொண்ட ஆல்பமும் சிவந்துபோன கன்னியாகுமரியும்

கேள்வி: எழுபது, எண்பதுகளில் அப்பா எங்களையெல்லாம் கன்னியாகுமரி, ராமேஸ்வரம், ஊட்டி என்று கூட்டிப்போய் எடுத்த படங்கள் ஒரு பெரிய ஆல்பத்தில் இருக்கின்றன. பசை தடவிய அட்டையில் படத்தை வைத்து, மேலே கண்ணாடித்தாளை மூடுகிற ரகம். தாள் பழுத்துவிட்டது. படங்கள் அட்டையோடு ஒட்டிக்கொண்டன. கலர் படங்கள் எல்லாம் சிவந்து கிடக்கின்றன. பிரித்துக் கொடுத்தால் லேமினேட் பண்ணித் தருவதாக ஸ்டூடியோவில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? — ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூடு வைத்து அழுத்திய பிளாஸ்டிக்கைப் படம் கெடாமல் திரும்ப உரிக்க முடியாது. உள்ளே ஈரமோ பூஞ்சையோ இருந்தால் அதையும் சேர்த்து மூடினதாகிவிடும்.

பிரிப்பதும் கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும், இருப்பது இருக்கிறபடியே, செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். நேர் வெயில் விழாத ஜன்னலோரம் போதும். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம், ஓரத்தில் அப்பா கிறுக்கியது என்ன என்பதெல்லாம் பிரித்த பிறகு கிடைக்காது. ஒரு பயணத்தின் வரிசை அதில்தான் இருக்கிறது.

அப்பாவோ அத்தையோ இருந்தால் ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்காரவைத்து, போனில் ரெக்கார்டிங் போட்டுவிட்டு, பக்கம் பக்கமாகக் கேளுங்கள். வருஷம் நினைவில்லை என்றால் படமே சொல்லும். கன்னியாகுமரிப் பாறையில் விவேகானந்தர் மண்டபம் முழுதாக நின்றால் அது 1970 வாக்கிலோ அதற்குப் பிறகோ எடுத்தது. பாம்பனில் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் சாலைப்பாலத்தில் வண்டி ஓடினால் 1988-க்கு முன்னால் இருக்க வழியில்லை. ஊட்டியில் சாய்ந்து நின்ற காரின் நம்பரில் ‘டிஎன்’ எழுத்துகளை அடுத்து உடனே இரண்டு இலக்க எண் வந்தால் 1989 அல்லது அதற்குப் பிறகு.

சரி, இப்போது பிரிப்பது. கண்ணாடித்தாளை ஓரத்திலிருந்து மெதுவாக, படத்துக்கு மேலே தூக்காமல் பின்பக்கமாக மடித்தபடி உரியுங்கள். தாளே படத்தில் பிடித்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடுத்து, பல் இடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூல், வாசனை சேர்க்காதது, ஒரு முழம். இரண்டு கையிலும் சுற்றி, படத்தின் ஒரு மூலைக்கு அடியில் நுழைத்து, ரம்பம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே நகர்த்துங்கள். நூல் அட்டையை ஒட்டியே போகவேண்டும், படம் வளையக்கூடாது. அவசரப்பட்டு நகத்தால் நெம்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பெரியம்மா வீட்டு ஆல்பத்தில் ஒகேனக்கல் பரிசல் படத்தை அப்படித்தான் கிளப்பினேன். பாதிப் பரிசல் என் கையில் வந்தது. முழங்காலுக்குக் கீழே பெரியப்பா அட்டையிலேயே தங்கிவிட்டார். இளகாத படத்தை அட்டையோடு விட்டு, அப்படியே ஸ்கேன் செய்வதுதான் மேல்.

சிவப்பு ஏன்? ‘வெயிலே படாமல் பீரோவுக்குள்தானே இருந்தது’ என்று எல்லோரும் கேட்பார்கள். அந்தக் காலத்துக் கலர் பிரிண்டில் நிறம் என்பது மூன்று சாயங்கள். அவற்றில் பச்சைநீலச் சாயம், சயான் என்பார்கள், பல பேப்பர்களில் இருட்டிலும் கரைந்துகொண்டே வரும். நம்மூர் வெக்கையும் ஈரமும் அதை இன்னும் விரட்டும். நீலம் போனால் மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும்தான். அதே ஆல்பத்தில் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தால் பாருங்கள், பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவை சாயமல்ல, வெள்ளி.

பிரிண்டில் போன நிறத்தை மீட்க முடியாது. ஸ்கேனில் ஓரளவு மீட்கலாம். 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், டிஃப் (TIFF) கோப்பாக எடுங்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படம் 2400-க்கு 3600 புள்ளிகளாக வரும். இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பிரிண்ட் போடலாம். திருத்துவதை நகலில் மட்டும் செய்யுங்கள். முகத்தைத் ‘தெளிவாக்கும்’ செயலிகளிடம் ஜாக்கிரதை. அவை இல்லாத விவரத்தைக் கற்பனை செய்து நிரப்புகின்றன. பாட்டியின் முகத்தில் யாரோ ஒரு விளம்பர மாடல் வந்து உட்கார்ந்துவிடுவார். கோப்புகளை இரண்டு இடத்தில், ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

எடுத்த படங்களைப் பழைய ஆல்பத்தில் திரும்ப வைக்காதீர்கள். அமிலமில்லாத காகித உறை நல்லது. புதுச் செருப்பு மாதிரி வாடை அடிக்கும் பிவிசி உறைகள் வேண்டாம். கலர் படத்தின் முதுகில் பென்சில் சரியாகப் பிடிக்காது, பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தெரியும். அதனால் பெயரையும் ஊரையும் உறையில் எழுதிவிட்டு அப்புறம் படத்தை உள்ளே போடுங்கள். பரணில் போடவேண்டாம், மழைச் சுவரை ஒட்டியும் வேண்டாம். பீரோவின் நடுத்தட்டு போதும்.

கடைசியாக, ஆல்பத்தின் பின்னட்டைப் பையில் துழாவிப் பாருங்கள். நெகட்டிவ் சுருளோ துண்டுகளோ இருக்கக்கூடும். பிரிண்ட் சிவந்திருந்தாலும் நெகட்டிவில் நிறம் இன்னும் நன்றாக இருக்க வாய்ப்புண்டு; நெகட்டிவ் ஸ்கேன் செய்யும் ஆள் கிடைத்தால் ஒட்டின படங்களோடு இத்தனை மல்லுக்கட்டவே வேண்டியிருக்காது. வினிகர் வாடை அடித்தால் மட்டும் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே எடுத்துவைத்து, அதை முதலில் ஸ்கேனுக்குக் கொடுங்கள்.