ஒரே பெட்டியில் இரண்டு பாம்பு: சட்டை உரிப்பது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், நான் வளர்க்கும், கூடப் பிறந்த இரண்டு கார்ன் ஸ்நேக் (விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு) குட்டிகள் ஒரே வாரத்தில் சட்டை உரிக்கின்றன. ஒன்றைப் பார்த்து இன்னொன்று உரிக்குமா?

பதில்: உரிக்காது. ஒரே வயது, ஒரே தீனி, ஒரே சூடு. அதனால் நாளும் ஒட்டி வருகிறது. ஒன்று சில வாரம் தீனியை மறுத்தால் கணக்கு பிரிந்துவிடும். குட்டிகள் பொதுவாக 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை உரிக்கும். வளர்ந்தவற்றுக்கு இடைவெளி அதிகம்.

கேள்வி: ஒன்றுக்குக் கண் நீலம் பூத்திருக்கிறது. பிரிக்கணுமா?

பதில்: பிரித்துவிடுங்கள். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே நீர் ஊறுவதால் வரும் மங்கல் அது. பார்வை சரியாக இருக்காது. பக்கத்தில் எது அசைந்தாலும் மிரண்டு கொத்தும். தீனியும் வேண்டாம். கண் தெளிந்ததும் எல்லாம் முடிந்தது என்று மறுபடி சேர்த்துவிடாதீர்கள். தெளிந்து சில நாள் கழித்துத்தான் உரிக்கும்.

கேள்வி: ஒன்று முழுசாக உரிக்கிறது, மற்றது துண்டு துண்டாக. பெட்டி ஒன்றுதானே?

பதில்: பெட்டி ஒன்று, ஈரமான மறைவிடமும் ஒன்றுதான் வைத்திருப்பீர்கள். வலுத்தது அதைப் பிடித்துக்கொண்டால் இளைத்தது காய்ந்த பக்கம் கிடக்கும். ஆளுக்கொரு டப்பா வையுங்கள்: பக்கவாட்டில் உடம்பு தாராளமாக நுழையும் துளை, உள்ளே நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசி (ஈரத்தைப் பிடித்துவைக்கும் பாசி). சொட்டச் சொட்ட நனைத்தால் வயிற்றுச் செதில் புண்ணாகும். கார்ன் ஸ்நேக்குக்கு ஈரப்பதம் 40–60 சதவீதம் போதும். உரிக்கும் நாட்களில் 70 வரை போகலாம்.

கேள்வி: கிடந்தது ஒரே சட்டை. எது உரித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நீளத்தை நம்பாதீர்கள். சட்டை இழுபட்டு, பாம்பைவிட நீளமாகவே இருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் முதுகுத் திட்டுகள் மங்கலாகத் தெரியும், போட்டோவோடு ஒப்பிடுங்கள். சட்டை உள்வெளியாகப் புரண்டு வருவதால் இடம் வலம் மாறியிருக்கும், அங்கேதான் பலர் குழம்புகிறார்கள். அப்படியே தலைப்பக்கம் பாருங்கள். கண் இருந்த இடத்தில் கண்ணாடி போன்ற செதில் இருக்கணும். ஓட்டை தெரிந்தால் அந்தச் செதில் பாம்பின் கண்ணிலேயே தங்கிவிட்டது.

கேள்வி: வால் நுனியில் வளையமாக ஒட்டியிருக்கிறது. பிய்க்கலாமா?

பதில்: காய்ந்திருக்கும்போது வேண்டாம். விட்டுவைக்கவும் கூடாது, இறுகி, ரத்தம் ஓடாமல் நுனி கறுத்து உதிர்ந்துவிடும். 28–30 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான நீர், பாம்பின் உடம்பில் பாதி உயரத்துக்கு, 20 நிமிடம், நீங்கள் பக்கத்திலேயே இருக்கணும். பிறகு ஈரத் துண்டைத் தளர்வாகப் பிடித்து அதற்குள் ஊர விடுங்கள், கழன்றுவிடும். கண் செதிலில் மட்டும் கை வைக்காதீர்கள். அடியிலுள்ள புதுச் செதிலும் சேர்ந்து பெயர்ந்தால் கண் போச்சு. அடுத்த உரிப்பிலும் வராவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கிங் ஸ்நேக் (ராஜநாகம் அல்ல, விஷமில்லாத வேறு பாம்பு) ஜோடியைச் சேர்த்து வைக்கலாமா?

பதில்: கூடாது. பாம்பையே தின்னும் பாம்பு அது.

கேள்வி: ஒன்று மட்டும் அடிக்கடி உரிக்கிறதே?

பதில்: முதலில் உண்ணியைச் சந்தேகியுங்கள். தாடைக்கடியிலும் கண் ஓரத்திலும், தண்ணீர்க் கிண்ணத்தின் அடியிலும் மிளகுத்தூள் மாதிரிக் கறுப்புப் புள்ளி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் வைத்தியம் இரண்டுக்கும் சேர்த்து, ஆனால் தனித்தனிப் பெட்டியில், அடியில் வெறும் காகிதம் விரித்து.