காலி, மிரிச பக்கம் எப்போது போவது?

கேள்வி: உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்துகிறேன். தென்கரையில் காலி, மிரிசவில் உள்ள பழைய தொழில் சகபாடிகளைப் பார்க்க நான்கு நாள் போகிறேன். போனமுறை வெறும் அரட்டையாகப் போய்விட்டது. இம்முறை என்ன செய்யலாம்?
– வாசகர், திருகோணமலை

பதில்: டிசம்பரில் போகாதீர்கள். அங்கே சீசன் உச்சம். தேநீர் கிடைக்கும், பேச்சு கிடைக்காது. கிழக்கில் நமக்குச் சீசன் மே முதல் செப்டெம்பர், தெற்கில் அவர்களுக்கு நவம்பர் முதல் ஏப்ரல். ஒக்டோபரில்தான் இரு பக்கமும் கை ஓய்ந்திருக்கும்.

பேச வேண்டியது ஆள்மாற்றம். அவர்களுடைய சமையல்காரர் மே மாதம் இங்கே, உங்கள் ரூம்போய் டிசம்பரில் அங்கே. சம்பளம் யார், தங்குமிடம் யார், பஸ் காசு யார் என்பதை அங்கேயே கொப்பியில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். "பிறகு பார்ப்போம்" என்று விட்ட இடத்தில்தான் ஆள் பாதிச் சீசனில் மூட்டை கட்டுவார். விசிட்டிங் கார்டின் பின்புறம், பேசிய விஷயத்தை அன்றிரவே குறியுங்கள். நல்ல கருவாடு ஒரு கிலோவும் கொண்டுபோங்கள்!