நிலாவரையும் கற்றாழையும்: புற்றுநோய் அச்சம் குறித்த கேள்வி பதில்

கேள்வி: மலச்சிக்கலுக்காக எட்டு ஆண்டுகளாக இரவில் நிலாவரைப் பொடி உட்கொள்கிறேன். குடல் புற்றுநோய் வருமா?

பதில்: நிலாவரையால் மனிதர்களுக்குப் புற்றுநோய் வருவதாக இதுவரை நிறுவப்படவில்லை. திருநெல்வேலியின் பெயராலேயே உலகச் சந்தையில் அறியப்படும் இந்த இலையிலுள்ள சென்னோசைடு என்னும் பொருள், பெருங்குடலை அடைந்து அங்குள்ள நுண்ணுயிரிகளால் மாற்றப்பட்ட பிறகே குடலைத் தூண்டுகிறது; இரவில் உண்டதற்குக் காலையில் பலன் தெரிவது அதனால்தான். ஆயினும் ஓரிரு வாரங்களுக்கு மேல் மருத்துவ மேற்பார்வை தேவை என்கிறது ஐரோப்பிய மருந்து முகமை. எட்டு ஆண்டுகளாக மலம் ஏன் கட்டுகிறது என்பதை, தைராய்டு குறைவா, இரும்புச்சத்து மாத்திரையா என்று, எவரும் தேடவில்லையே என்பதுதான் என் கவலை.

கேள்வி: கொலோனோஸ்கோபியில் (குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) என் குடல் உட்சுவர் கறுத்திருப்பதாகச் சொன்னார்கள். இது புற்றுநோயின் தொடக்கமா?

பதில்: இல்லை. இது மெலனோசிஸ் கோலை. நிலாவரை போன்ற பேதி மருந்துகளால் மடிந்த செல்களின் எச்சம் நிறமியாகப் படிவதால் வருவது. மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில் மங்கத் தொடங்கும். கறுத்த சுவரில் பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சி வெளிறித் தெரியும் என்பதால், பரிசோதிப்பவர் கண்ணுக்கு அது எளிதில் தப்பாது.

கேள்வி: தினமும் கற்றாழைச் சாறு குடிக்கலாமா?

பதில்: இங்குதான் எச்சரிக்கை தேவை. மடலை நறுக்கிச் சாய்த்து வைத்தால் தோலுக்கடியிலிருந்து மஞ்சள் பால் வடியும். கரியபோளம் என்பது அது உறைந்ததே. நிறம் நீக்காத முழு மடல் சாற்றை இரண்டு ஆண்டுகள் நீரில் கலந்து கொடுத்த எலிகளுக்குப் பெருங்குடல் கட்டிகள் தோன்றின. அதன் பேரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அந்தச் சாற்றை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை என்ற ‘2பி’ பிரிவில் சேர்த்தது. கடையில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கும் பேதி மருந்துகளில் கற்றாழையை அமெரிக்கா 2002-லேயே விலக்கிவிட்டது. நம் வீடுகளில் அந்த மஞ்சள் பால் போகக் கற்றாழைச் சோற்றைப் பலமுறை கழுவும் வழக்கம் நல்லதே. ஆனாலும் மலச்சிக்கலுக்காகத் தினமும் குடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: இசப்கோல்?

பதில்: அது வெறும் நார். நிறையத் தண்ணீருடன் பயமின்றி எடுக்கலாம்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 58. மூலம் என்று எண்ணிக் கடுக்காய்ப் பொடி கொடுக்கிறோம். மூன்று மாதமாக மலத்தில் இரத்தம் வருகிறது, உடல் மெலிந்துவிட்டார்.

பதில்: அம்மா, பொடி நல்லதா கெட்டதா என்ற ஆராய்ச்சியை இப்போது ஒதுக்கி வையுங்கள். இரத்தமும் மெலிவும் சேர்ந்தால் மூலம் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. இந்த வாரமே குடல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று கொலோனோஸ்கோபி பற்றிக் கேளுங்கள்.