மூன்று முறை எண்ணிய ஓட்டு

அன்புள்ள ஐயா,

வள்ளியூரிலிருந்து எழுதுகிறேன். சியாட்டிலில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், அங்கே 2004-ல் நடந்த கவர்னர் தேர்தலைப் பற்றிச் சொன்னான். மூன்று முறை எண்ணினார்களாம். முதல் இரண்டு முறை ஒருவர் ஜெயித்தார், மூன்றாம் முறை இன்னொருவர் ஜெயித்தார் என்கிறான். எண்ணிக்கை என்றால் எத்தனை முறை எண்ணினாலும் ஒரே எண்தானே வர வேண்டும்? எங்கள் ராதாபுரம் தொகுதி 2016-ல் 49 ஓட்டில் முடிந்ததிலிருந்து இந்தக் கேள்வி எனக்குள் இருக்கிறது. அங்கே கவர்னரை மக்களே தேர்ந்தெடுப்பதும், அதற்கு முன் பிரைமரி என்று ஒன்று நடத்துவதும் எப்படி என்றும் சொல்லுங்கள். வரும் தேர்தலில் எண்ணும் மேஜையில் முகவராக உட்காரும்படி கேட்டிருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்.

கே., வள்ளியூர்

*

அன்புள்ள கே.,

உங்கள் தங்கை மகன் சொன்னது உண்மை. அது வாஷிங்டன் மாநிலம். தலைநகர் வாஷிங்டன் வேறு, அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் இந்த மாநிலம் வேறு.

நமக்கு கவர்னர் என்றால் அரசியல் சாசனத்தின் 155-வது பிரிவின்படி குடியரசுத் தலைவர் நியமிப்பவர். அங்கே கவர்னர்தான் மாநில அரசின் தலைவர், கிட்டத்தட்ட நம் முதலமைச்சர். ஆனால் சட்டமன்றப் பெரும்பான்மையால் வருகிறவர் அல்ல. மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி, நேரடி ஓட்டு, நான்கு வருடப் பதவி. எண்ணுவது மட்டும் 39 கவுண்டிகளில் தனித்தனியாக நடக்கும். கவுண்டியை நம் மாவட்டம்போல வைத்துக்கொள்ளுங்கள். 39 அலுவலகங்கள் எண்ணி அனுப்புவதை மாநிலச் செயலர் கூட்டிச் சான்றளிப்பார். அந்த வருடம் அந்தப் பதவியில் இருந்தவர் சாம் ரீட்.

பிரைமரி என்பது ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் தேர்தல். நம் ஊரில் அதைக் கட்சித் தலைமை நேர்காணல் வைத்து அறிவித்துவிடும். அங்கே அரசாங்கமே நடத்துகிறது, வாக்காளர்கள் முடிவு செய்கிறார்கள். வாஷிங்டனில் 1935 முதல் ஒரு விசித்திரமான முறை இருந்தது. ஒரே சீட்டில் எல்லாக் கட்சிகளின் பெயர்களும் இருக்கும். கவர்னருக்கு ஒரு கட்சியிலும், மற்ற பதவிக்கு வேறு கட்சியிலும் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். ‘எங்கள் வேட்பாளரை அடுத்த கட்சிக்காரர் தேர்ந்தெடுப்பதா’ என்று கட்சிகள் வழக்குப் போட, 2003-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதனால் 2004 செப்டம்பர் 14-ல் நடந்த பிரைமரியில் வாக்காளர் ஒரே ஒரு கட்சியைத் தேர்ந்துகொண்டு அதற்குள் மட்டும் ஓட்டுப் போட வேண்டியிருந்தது. ஒரே சீட்டில் இரண்டு கட்சிகளுக்குக் குறியிட்டவர்களின் அந்த ஓட்டுகள் செல்லாமல் போயின. எழுபது வருடப் பழக்கம் ஒரே நாளில் மாறியதில் வாக்காளர்களுக்குக் கடும் கோபம்.

அப்போது கவர்னராக இருந்த கேரி லாக் மூன்றாம் முறை நிற்கவில்லை. ஜனநாயகக் கட்சியில் மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த கிறிஸ்டீன் கிரெகோயர், கிங் கவுண்டி நிர்வாகி ரான் சிம்ஸை பிரைமரியில் வென்றார். குடியரசுக் கட்சியில் டீனோ ராஸி, மாநில செனட்டராக இருந்தவர். லிபர்டேரியன் கட்சியிலிருந்து ரூத் பென்னட். பொதுத்தேர்தல் நவம்பர் 2.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதற்கு ஒரு தபால் ஓட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதே அங்கே பெரும்பாலோர் தபாலில்தான் ஓட்டுப் போட்டார்கள். குறியிட்ட சீட்டு ஓர் உள்ளுறைக்குள் போகும். அதன்மேல் எதுவும் எழுதியிருக்காது. அந்த உள்ளுறை வெளியுறைக்குள் போகும். வெளியுறையில் உறுதிமொழியும், வாக்காளரின் கையெழுத்தும் இருக்கும். தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்திருந்தால் போதும், உறை சில நாள் கழித்து வந்து சேரலாம். வந்ததும் வெளியுறைக் கையெழுத்தைப் பதிவில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். பொருந்தினால் உறை பிரியும், உள்ளுறை தனியாகும். அந்த நொடியிலிருந்து அது யாருடைய ஓட்டு என்று யாராலும் சொல்ல முடியாது. பொருந்தாவிட்டால் உறை பிரியாமலே ‘நிராகரிப்பு’ தட்டில் விழும். சந்தேகமானவற்றைத் தீர்மானிப்பது மூன்று பேர் கொண்ட கவுண்டி வாரியம்: தேர்தல் அதிகாரி, அரசு வழக்கறிஞர், கவுண்டி மன்றத் தலைவர்.

இப்போது எண்கள். 28 லட்சம் ஓட்டுக்கு மேல் எண்ணி முடித்தபோது ராஸி 261 ஓட்டு முன்னிலை. வித்தியாசம் 2,000-க்கும் அரை சதவீதத்துக்கும் கீழே இருந்தால் தானாக இயந்திர மறு எண்ணிக்கை நடக்க வேண்டும் என்பது சட்டம். நடந்தது. நவம்பர் 24-ல் முன்னிலை 42 ஆகச் சுருங்கியது.

அதே சீட்டு, அதே இயந்திரம், ஏன் மாறுகிறது? சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நீள்வட்டம் இருக்கும். அதை முழுக்கக் கருப்பாக்க வேண்டும். சிலர் டிக் போடுவார்கள், சிலர் பெயரைச் சுற்றி வட்டம் போடுவார்கள், சிலர் எழுதாத பேனாவால் கீறியிருப்பார்கள். ஒளிவருடி இயந்திரம் நீள்வட்டத்துக்குள் எவ்வளவு கருப்பு இருக்கிறது என்று மட்டுமே பார்க்கும். எல்லைக்கோட்டில் இருக்கும் மங்கலான குறியை ஒரு முறை ‘ஓட்டு’ என்றும் மறுமுறை ‘காலி’ என்றும் படிக்கும். இயந்திரம் திருப்பித் தள்ளிய சீட்டை மனிதர்கள் பார்த்து, வாக்காளரின் நோக்கம் தெளிவாக இருந்தால் அதை மீட்டெடுப்பார்கள். சில கவுண்டிகளில் துளை அட்டை இருந்தது. சரியாகப் பிரியாத காகிதத் துணுக்கு, அட்டை இரண்டாம் முறை இயந்திரத்துக்குள் ஓடும்போது உதிர்ந்துவிடும். அதுவரை காலியாக இருந்த இடத்தில் ஓர் ஓட்டு தோன்றும். இவை ஒவ்வொன்றும் லட்சத்தில் சில. வித்தியாசம் ஒரு லட்சமாக இருந்தால் யாரும் கவனிக்கப்போவதில்லை. 42 என்றால் அந்தச் சில ஓட்டுகளே தேர்தல்.

நவம்பர் 30-ல் ராஸி வென்றதாகச் சான்றளிக்கப்பட்டது. இதற்குமேல் எண்ண வேண்டுமென்றால் கேட்கிறவர்தான் முன்பணம் கட்ட வேண்டும். கையால் எண்ண ஓட்டுக்கு 25 சென்ட். ஜனநாயகக் கட்சி சுமார் 7,30,000 டாலர் கட்டி மாநிலம் முழுக்க எண்ணச் சொன்னது. முடிவு மாறினால் பணம் திரும்பி வரும். இந்த விதி எனக்குச் சரியாகவே படுகிறது. தோற்றவரெல்லாம் கேட்க ஆரம்பித்தால் எந்த அலுவலகமும் தாங்காது. ஆனால் பணமில்லாத வேட்பாளருக்கு இந்தக் கதவு மூடியே இருக்கும் என்பதும் உண்மை.

கையால் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில்தான், சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்டியில் அந்த விஷயம் வெளியே வந்தது. கவுண்டி மன்ற உறுப்பினர் லாரி ஃபிலிப்ஸ், தன் பகுதியில் யார் யாருடைய தபால் ஓட்டு நிராகரிக்கப்பட்டது என்ற பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவர் பெயரே இருந்தது. அவர் கையெழுத்தில் எந்தக் கோளாறும் இல்லை. கணினிப் பதிவில் அவருடைய கையெழுத்துப் படம் ஏற்றப்படாமல் இருந்தது, அவ்வளவுதான். படம் இல்லையென்றால் ஊழியர்கள் பழைய காகிதப் பதிவு அட்டையை எடுத்து ஒப்பிட வேண்டும். அந்த ஒரு படி விட்டுப்போனதால் உறைகள் நேராக நிராகரிப்புத் தட்டுக்குப் போயிருந்தன. தேடியதில் 573 கிடைத்தன, பிறகு 735 ஆயின. ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒதுக்கப்பட்ட 735 உறைகள்!

இவற்றைச் சேர்ப்பதா கூடாதா என்று வழக்கு. மாநில உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். டிசம்பர் 14-ல், நிராகரித்த எல்லா ஓட்டையும் எல்லாக் கவுண்டியிலும் மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்ற ஜனநாயகக் கட்சியின் மனுவை நீதிமன்றம் ஏற்கவில்லை. மறு எண்ணிக்கை என்றால் சீட்டுகளை எண்ணுவதுதான், முடித்த கையெழுத்துச் சோதனையைத் திரும்பத் தொடங்குவதல்ல என்றது. டிசம்பர் 22-ல், கிங் கவுண்டியின் 735-ஐச் சேர்க்கக் கூடாது என்ற குடியரசுக் கட்சியின் வாதத்தையும் ஏற்கவில்லை. தன் அலுவலகம் செய்த வெளிப்படையான பிழையைச் சான்றளிப்பதற்கு முன் திருத்திக்கொள்ள வாரியத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. முதல் தீர்ப்பில் இந்தக் கட்சிக்குக் கோபம், இரண்டாவதில் அந்தக் கட்சிக்கு. என் பார்வையில் இரண்டும் ஒரே கோட்டில்தான் நிற்கின்றன. ஒரு முடிவை எடுத்தபின் அது பிடிக்கவில்லை என்று மாற்ற முடியாது. முடிவே எடுக்காமல் விட்டதை எடுத்தாக வேண்டும்.

அந்த உறைகளுக்கு முன்பே கிரெகோயர் 10 ஓட்டு முன்னால் வந்திருந்தார். தகுதியானவை சேர்ந்ததும் 129. கிரெகோயர் 13,73,361. ராஸி 13,73,232. பென்னட் 63,465. மொத்தத்தில் வித்தியாசம் இருபதாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. டிசம்பர் 30-ல் மறுசான்று, ஜனவரி 12-ல் பதவியேற்பு.

குடியரசுக் கட்சி தேர்தலையே எதிர்த்து செலான் கவுண்டியில் வழக்குத் தொடுத்தது. அவர்கள் வாதத்திலும் பொருள் இருந்தது. 2005 ஜூன் 6-ல் தீர்ப்பளித்த நீதிபதி ஜான் பிரிட்ஜஸ், 1,678 ஓட்டுகள் சட்டவிரோதமாகப் போடப்பட்டவை என்று ஒப்புக்கொண்டார். பெரும்பாலும் தண்டனை பெற்று வாக்குரிமையைத் திரும்பப் பெறாதவர்கள் போட்டவை. 129 எங்கே, 1,678 எங்கே! ஆனால் அவை யாருக்குப் போயின? உள்ளுறை தனியானபின் யாருக்கும் தெரியாது. அந்தந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை சதவீதமோ அதே விகிதத்தில் கழிக்கலாம் என்று நிபுணர்கள் சொன்னார்கள். ஒரு பகுதியின் சராசரியை வைத்துத் தனி மனிதர் எப்படி ஓட்டுப் போட்டார் என்று ஊகிக்க முடியாது என நீதிபதி மறுத்தார். நான்கு பேர் மட்டும் ராஸிக்குப் போட்டதாகச் சாட்சியம் சொல்லியிருந்தார்கள். அந்த நான்கும் ராஸி கணக்கில் கழிந்து வித்தியாசம் 133 ஆனது. ராஸி மேல்முறையீடு செய்யவில்லை.

ஆக, எண்ணத் தெரியாததால் எண் மாறவில்லை, கே. எதை எண்ண வேண்டும் என்ற முடிவு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மாறியது. கூட்டலில் வந்த தவறைவிட, கூட்டலுக்கு வராமலே நின்றுவிட்டவை அதிகம்.

அதற்குப் பிறகு அங்கே பலதைத் திருத்தினார்கள். செப்டம்பர் பிரைமரிக்கும் நவம்பர் தேர்தலுக்கும் இடையே, வெளிநாட்டில் இருக்கும் ராணுவத்தினருக்குச் சீட்டு போய்த் திரும்ப நேரம் போதவில்லை. பிரைமரியை ஆகஸ்டுக்கு மாற்றினார்கள். 2008-லிருந்து கட்சி வேறுபாடில்லாமல் பிரைமரியில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பரில் மோதுகிறார்கள். அந்த வருடம் அதே கிரெகோயரும் அதே ராஸியும் மறுபடி நின்றார்கள், கிரெகோயர் தெளிவாக வென்றார். மாநிலப் பதவிகளில் வித்தியாசம் 1,000-க்கும் கால் சதவீதத்துக்கும் கீழே இருந்தால் இப்போது நேராகக் கையால்தான் எண்ண வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கையெழுத்து பொருந்தாவிட்டால் வாக்காளருக்குத் தகவல் அனுப்பி, கவுண்டி சான்றளிப்பதற்கு முந்தைய நாள் வரை சரிசெய்ய வாய்ப்பு கொடுக்க வேண்டும்.

உங்கள் ராதாபுரத்திலும் சண்டை தபால் ஓட்டில்தானே? 203 ஓட்டுகள், அவற்றில் சான்றொப்பம் போட்ட தலைமை ஆசிரியர் கெசட்டட் அதிகாரியா இல்லையா என்பதுதான் கேள்வி. 2019-ல் உயர் நீதிமன்றம் அந்தத் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சான்றொப்பம் செல்லுமா என்பதை எண்ணும் நாளிலேயே ஒழுங்காகத் தீர்த்திருந்தால் வழக்கு இவ்வளவு தூரம் போயிருக்காது.

எனவே முகவராக உட்காரும்போது இயந்திர மேஜையில் மட்டும் கண் வைக்காதீர்கள். தபால் ஓட்டு மேஜையில் பழக்கமுள்ள ஆள் ஒருவர் உங்கள் தரப்பில் இருக்கட்டும். வெளியுறைக்குள் வாக்காளரின் உறுதிமொழியான படிவம் 13ஏ இருக்கிறதா, அதில் கையெழுத்தும் சான்றொப்பமும் இருக்கின்றனவா, அதிலுள்ள சீட்டு எண்ணும் உள்ளுறையில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். நிராகரிக்கும் ஒவ்வொரு உறைக்கும் காரணத்தைக் கேட்டு, உங்கள் தாளில் காரணவாரியாகக் கோடு போட்டு வாருங்கள். வெற்றி வித்தியாசம் நிராகரித்த தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் தேர்தல் நடத்தும் அலுவலர் அவற்றை மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு. அந்த நேரத்தில் உங்கள் தாளில் இருக்கும் எண்ணிக்கை கைகொடுக்கும். மறு எண்ணிக்கை கேட்பதானால், 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின் 63-வது விதிப்படி, மொத்த ஓட்டை அறிவித்தபின், அலுவலர் முடிவுத் தாளான படிவம் 20-ல் கையெழுத்திடும் முன், வேட்பாளரோ, அவர் இல்லாதபோது தேர்தல் முகவரோ எண்ணிக்கை முகவரோ காரணம் காட்டி எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த இடைவெளி சில நிமிடங்கள்தான். வெள்ளைத்தாளும் பேனாவும் கையிலேயே இருக்கட்டும். தொகுதிப் பெயரையும் விதி எண்ணையும் முன்பே எழுதி வைத்துவிட்டால், காரணத்தை மட்டும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம்.