கோழிக்குப் பார்க்கும் கணக்கு

அன்புள்ள ஐயா,

பல்லடம் பக்கம் ஊர். வயது 34. அப்பா காலத்திலிருந்து கறிக்கோழிப் பண்ணை. கம்பெனிக் குஞ்சு, கம்பெனித் தீவனம், எங்களுக்கு வளர்ப்புக் கூலி. ஐயாயிரம் கோழி நிற்கிற ஷெட்டை இப்போது நான்தான் பார்க்கிறேன். போன சித்திரையில் கறியை விட்டேன். யாரும் சொல்லி அல்ல. முப்பத்தைந்து நாள் தாண்டினால் சில கோழிகள் மார்பு கனத்து உட்கார்ந்துவிடும். தீவனத் தொட்டி இரண்டடியில் இருந்தாலும் போக முடியாது. காலையில் செத்ததைப் பொறுக்கப் போகும்போது, சாகாமல் கிடப்பது தலையைத் தூக்கிப் பார்க்கும். அதற்கு மேல் முடியவில்லை. பிறகு முட்டை, பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டேன். எட்டு மாதம் ஆகிறது.

"தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்" என்ற குறளைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. விலைக்கு ஊன் தருகிறவன் நான்தானே? தின்னாமல் இருந்துகொண்டு வளர்த்துக் கொடுப்பது பாசாங்கு இல்லையா? கறி தின்கிறவர்களைக் கண்டாலே இப்போது அருவருப்பாக இருக்கிறது. வீட்டில் யாருக்கும் புரியவில்லை. மனைவி எனக்கென்று எதுவும் செய்வதில்லை, ரசமும் உருளைக்கிழங்கும்தான். எடை 72 கிலோவிலிருந்து 66க்கு வந்துவிட்டது. அசதி, பாதத்தில் மதமதப்பு. அதெல்லாம் போகட்டும். பழைய சோற்றில் வைட்டமின் பி12 இருப்பதாகப் படித்ததால் காலையில் அதுதான். இரவு தோசை. பால் இல்லாததால் பிளாக் டீ ஐந்தாறு தடவை. தயிர் இல்லாததுதான் கஷ்டம். நான் விட்ட காரணம் உண்மையானதா என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

ச.

அன்புள்ள ச.,

எடை, அசதி, மதமதப்பு மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி "அதெல்லாம் போகட்டும்" என்று தள்ளிவிட்டீர்கள். போகவிட முடியாது. கறியை விட்டவர்கள் எழுதும் கடிதங்களில் ஏன் விட்டேன் என்பது விரிவாக இருக்கிறது. விட்ட இடத்தில் தட்டில் என்ன வைத்தேன் என்பது இருப்பதே இல்லை. அதைப் பற்றி எழுத வேண்டுமென்று நினைத்திருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இப்படி விட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் உடம்பு சோர்கிறது, "முட்டையாவது சாப்பிடு" என்று நாலு பேர் சொல்கிறார்கள், அடுத்த கிடாவிருந்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. அவர்கள் காரணத்தில் குறை இல்லை. பருப்பில்தான் குறை.

உங்கள் காரணம் உண்மையானதுதான். நடக்க முடியாத உயிரைப் பார்த்தீர்கள், மனசு பொறுக்கவில்லை, விட்டீர்கள். இதற்கு மேல் தோண்டினால் நல்ல கிணறும் சேறாகும்.

குறள் முதலில் கேட்பது வாங்குகிறவனை. அதைச் சொல்லி விற்கிறவன் தப்பித்துக்கொள்ள முடியாது என்பதும் சரிதான். ஆனால் ஷெட்டின் மேல் கடன் எவ்வளவு, அதை மூடினால் வீடு எதில் ஓடும் என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் மூடு என்றும் நடத்து என்றும் சொல்வது வெட்டிப்பேச்சு. ஷெட் ஓடும்வரை ஒன்று செய்யலாம். கால் விழுவது பெரும்பாலும் உடம்பு எலும்பை முந்தி வளர்வதால் வருவது. முதல் வாரம் கழிந்ததும் இரவில் ஐந்தாறு மணி நேரம் விளக்கை அணையுங்கள். குஞ்சு தின்பதை நிறுத்தி உறங்கும், ஆரம்ப வேகம் மட்டுப்படும், கால் தேறும். தரையில் விரித்த நார்த்தூள் ஈரமானால் அம்மோனியா கிளம்பிப் பாதம் வெந்துபோகும், அதைக் கிளறி உலர வையுங்கள். இடமும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். எடை குறையும் என்று சூப்பர்வைசர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அருவருப்பு என்று எழுதியதைத்தான் பொறுக்க முடியவில்லை. போன பங்குனி வரை நீங்களும் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களைப் படிக்கவைத்ததும் அந்த ஷெட்தான். சைவர்களுக்கு மட்டும் வீடு வாடகைக்கு என்று பலகை தொங்குகிற நாடு இது. கோழிமேல் வந்த இரக்கத்தைக் கொண்டுபோய் அந்தப் பலகைக்கு ஆணியாக அடித்துவிடாதீர்கள்.

மனைவி விஷயத்தில் இன்னும் கோபம். விட்டது நீங்கள், புதிதாகச் சமைத்துக் கொடுக்க வேண்டியது அவரா? ஒரு நாள் முடிவெடுத்து அவர் தலையில் இரண்டு அடுப்பு வேலையை வைத்துவிட்டு, புரியவில்லை என்று வேறு எழுதுகிறீர்கள். குக்கரைத் திறக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கீழே எழுதுவது உங்கள் கைக்கு.

உங்கள் ஷெட்டில் இறங்கும் தீவன மூட்டையைப் பாருங்கள். பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். குஞ்சுப் பருவத்தில் புரதம் நூற்றுக்கு 22, 23. கடைசிக் கட்டத் தீவனமான ஃபினிஷரில் 19, 20. புரதம் பல அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் மக்காச்சோளத்தில் லைசின் போதாது, சோயாவில் மெத்தியோனின் போதாது, அதனால் இரண்டையும் தனியாகச் சேர்க்கிறார்கள். சுண்ணாம்புச்சத்துக்குச் சுண்ணாம்புக்கல் மாவு. எல்லாவற்றுக்கும் மேல் பிரிமிக்ஸ் என்ற பொடி, அதில் பி12 உண்டு. ஏன் உண்டு என்பதற்கு வரலாறு இருக்கிறது. தானியமும் புண்ணாக்கும் மட்டும் தின்ற குஞ்சு சரியாக வளரவில்லை என்பதும், மீன் தூளோ மாட்டுச் சாணமோ சேர்த்தால் வளர்கிறது என்பதும் 1940களில் கோழி ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. அதில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. 1948இல் பி12 தனியே பிரித்தெடுக்கப்பட்ட பிறகுதான் அந்த ஏதோ ஒன்று இதுதான் என்று தெரிந்தது. செடி பி12ஐச் செய்யாது. விலங்கும் செய்யாது. நுண்ணுயிர்தான் செய்யும்.

ஆக, உங்கள் கோழி பெரும்பாலும் தாவரம்தான் தின்கிறது, குறைவதை வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்துக்கொண்டு. ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீவனம் என்று எஃப்.சி.ஆர். புள்ளிக்குப் புள்ளி பார்க்கிறீர்கள், வளர்ப்புக் கூலி அதில்தான் இருக்கிறது. அந்த நோட்டில் ஒரு பக்கத்தை உங்கள் தட்டுக்கு ஒதுக்கியிருந்தால் ஆறு கிலோ போயிருக்காது.

இப்போது போடுவோம். உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 0.83 கிராம் புரதம் என்பது இந்தியக் கணக்கு. 66 கிலோவுக்கு 55 கிராம். காலையில் பழைய சோறு, 100 கிராம் அரிசி என்றால் 8 கிராம். மதியம் 150 கிராம் அரிசி, 12. உருளையும் ரசமும் சேர்ந்து 3. இரவு நாலு தோசை, 11, 12. எப்படி இழுத்துக் கூட்டினாலும் 35. முன்பு கால் கிலோ கோழிக்கறி (எலும்போடுதான்) ஏறத்தாழ 30 கிராம் கொடுத்தது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உருளைக்கிழங்கை வைத்தீர்கள். இப்படி ஒரு ஃபார்முலாவைக் கம்பெனி அனுப்பினால் லாரியைத் திருப்பி அனுப்புவீர்கள்.

பருப்பு என்றால் சாம்பார் ஊற்றுவதில்லையா என்று கேட்பீர்கள். ஆளுக்கு 15 கிராம் பருப்பைக் கரைத்து ஊற்றினால் வருவது 3 கிராம் புரதம். நாளைக்கு 120 கிராமாவது பயறு, பருப்பு, கடலை என்று உலர்ந்த நிலையில் அளந்து எடுத்து வையுங்கள். கொங்கு நாட்டில் இருந்துகொண்டு இதை வெளியில் தேட வேண்டியதில்லை. அரிசிம்பருப்பு சாதம் உங்கள் ஊர் சமாச்சாரம். ஒரு டம்ளர் அரிசிக்கு கால் டம்ளர் துவரை போடுவதை அரை டம்ளர் ஆக்குங்கள், தண்ணீர் நாலரை டம்ளர், இருபது நிமிடம் ஊறவைத்து நாலு விசில். 100 அரிசி, 50 பருப்பு ஒரு தட்டுக்கு விழுந்தால் 19 கிராம். மதியம் பச்சைப்பயறு அல்லது கொள்ளு 50 கிராம் கடைந்தால் 11, 12. சாயங்காலம் ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலை. அரிசியில் குறைகிற லைசின் பயற்றில் இருக்கிறது, பயற்றில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. கம்பெனிக்காரன் பொடியாகப் போடுவதை நீங்கள் சேர்த்துச் சமைத்தே சரிக்கட்டலாம்.

கொள்ளு வேகவில்லை என்று அடுத்த கடிதம் வரும். உங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியம் பயற்றின் தோலைப் பிடித்து இறுக்கிவிடும். ஆற்றுக் குடிநீரிலோ வடிகட்டிய நீரிலோ எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். ஊறும்போதே ஒரு கரண்டி உப்புப் போட்டால் இன்னும் மெதுவாகும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், வாயு கொஞ்சம் அதோடு போகும். புளியும் தக்காளியும் வெந்த பிறகுதான், முன்பே போட்டால் ஏழு விசிலுக்கும் கல்லாகவே இருக்கும். சோடா உப்பு வேகவைத்துவிடும், கூடவே பி1ஐயும் அழித்துவிடும், வேண்டாம். முதல் வாரமே 120 கிராம் போட்டால் வயிறு உப்பி மறுநாளே விட்டுவிடுவீர்கள். 40இல் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றுங்கள். தீவனம் மாற்றும்போது பழையதையும் புதியதையும் கலந்து போடுவது உங்களுக்குத் தெரியாததா?

பலாப்பிஞ்சையும் காளானையும் கறி மாதிரி வறுத்து ஏமாற வேண்டாம். நூறு கிராம் பலாப்பிஞ்சில் இரண்டு மூன்று கிராம் புரதம் இருந்தால் அதிகம். மீல் மேக்கரில் 50க்கு மேல். அதைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, பிழிந்து, மறுபடி அலசிப் பிழிந்தால் அந்த வாடை போகும்.

பழைய சோறு நல்ல உணவு. ஆனால் அதை நம்பி பி12ஐ விடுவது ஆபத்து. அதில் ஊறுகிற புளிப்பு நுண்ணுயிர்கள் பி12ஐ நம்பும்படியான அளவில் செய்வதில்லை. இட்லி மாவும் அப்படித்தான், ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் உடம்புக்குப் பயன்படாத போலி. இரவு ஊறினால் சோற்றில் இரும்புச்சத்து பல மடங்கு ஆகும் என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரும்பு தனிமம். தண்ணீரில் ஊறினால் அது குட்டி போடாது.

பாதம் மதமதப்பது பி12 குறைவால் வரலாம். ஆனால் எட்டு மாதத்தில் பி12 இருப்பு தீர்ந்துபோவது அபூர்வம். ஈரலில் இருப்பது ஆண்டுக்கணக்கில் வரும். அதனால் மதமதப்புக்குக் காரணம் முன்பே இருந்திருக்கலாம். நெஞ்செரிச்சலுக்குப் பல வருடமாக மாத்திரை போடுகிறீர்களா, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறீர்களா, சர்க்கரையே இருக்கிறதா? மாத்திரை வாங்கும் முன் ரத்தம் கொடுங்கள்: பி12, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பு), சர்க்கரை. மாத்திரை போட்ட பிறகு எடுத்தால் பி12 அளவு பொய் சொல்லும். 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு, 300 வரை சந்தேகம். குறைவாக இருந்தால் மருத்துவர் ஊசி போடுவார், போட்டுக்கொள்ளுங்கள். ஃபோலிக் அமிலம் மட்டும் தனியே விழுங்காதீர்கள், ரத்தம் சரியாகிவிட்டதுபோல் காட்டும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்.

பி12 குறைவில்லை என்றாலும் ஆயுள் முழுக்க அதைத் தினம் 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் 2000. இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால், வயிற்றில் சுரக்கும் ஒரு புரதம் ஒரு வேளையில் இரண்டு மைக்ரோகிராம் அளவுதான் சுமக்கும். மிச்சத்தில் நூற்றுக்கு ஒன்று மட்டும் தானாக உள்ளே போகும். கடையில் கேப்சூல் கொடுத்தால் மாத்திரையாகக் கேளுங்கள். கேப்சூலின் கூடு பெரும்பாலும் ஜெலட்டின், மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்தது.

டீயை சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். பயற்றில் இருக்கும் இரும்பை அதன் துவர்ப்பு பிடித்துக்கொள்ளும். கடைசலில் எலுமிச்சை பிழிந்தால் அதே இரும்பு கூடுதலாகச் சேரும். பால் போன இடத்துக்கு ராகியும் எள்ளும், சுண்ணாம்புச்சத்துக்கு.

தயிர். 150 கிராம் பச்சை நிலக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோலை உரியுங்கள், தோல் இருந்தால் கசக்கும். வெண்ணெய்போல அரைத்து, மூன்று கப் தண்ணீருக்கு மேல் போகாமல் கரைத்து, துணியில் வடிகட்டி, சின்னத் தீயில் பத்து நிமிடம் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். கையை எடுத்தால் அடி பிடிக்கும், அந்த வாசம் தயிர்வரை வரும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒரு சிட்டிகை சர்க்கரை, ஏழெட்டுப் பச்சைமிளகாய்க் காம்பு போட்டு மூடி வையுங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம். முதல் தடவை தளர்ந்துதான் இருக்கும். அதிலேயே ஒரு கரண்டி எடுத்து அடுத்த தடவைக்கு உறை ஊற்றினால் இறுகும். உப்பைத் தட்டில்தான் போட வேண்டும். இரண்டாம் நாள் புளிப்பு ஏறிவிடும், மோர்க்குழம்புக்கு ஆகும். வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து நீங்களே வையுங்கள்.